கொட்டியாரக் குடாவிற் கம்பனி: வணிக ஏகபோகமும் உள்ளூர் மக்களும் - ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

ஈழத்தின் கீழைக்கரை வரலாறு பெரும்பாலும் கோட்டைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எக்கோட்டை எவ்வாண்டில் எவர் கையினின்று எவர் கைக்கு மாறியது என்பதனைப் பாடநூல்கள் விரிவாகக் கூறும். அக்கோட்டையின் பீரங்கி எவருடைய தோணியைத் தடுத்தது, அத்தடையினால் எவருடைய வீட்டில் உலை கொதியாது போயிற்று என்னும் வினாக்களை அவை எழுப்புதல் அரிது. திருகோணமலை பற்றிய எழுத்துக்களிலே இக்குறை மிகுதியும் புலப்படுகின்றது. உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்னும் புகழுரை, அத்துறைமுகம் எவருக்குப் பயன்பட்டது என்னும் வினாவை மறைத்து நிற்கின்றது.

இவ்வினாவை எழுப்புதற்குப் பொருத்தமானதோர் இடம் கிண்ணியா ஆகும். கிழக்கே கொட்டியாரக் குடாவும் மேற்கே தம்பலகாமக் குடாவும் சூழ, மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கழிமுகத்திற்கு அண்மையில் அமைந்த இவ்வூர், நெல்லையும் மீனையும் கால்நடையையும் சிறு வணிகத்தையும் நம்பி வாழ்ந்து வந்த முஸ்லிம் மக்களைப் பெரும்பான்மையாகக் கொண்டது. 2009ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்படும்வரை துறையைக் கடந்தே இவ்வூர் மக்கள் திருகோணமலை நகருக்குச் செல்ல வேண்டியிருந்தது. உலகப் புகழ்பெற்ற துறைமுகத்தின் அயலிலே வாழ்ந்த மக்கள் அத்துறைமுகத்தின் ஆக்கத்திலே பங்கு பெறாது வாழ்ந்தமை தற்செயலன்று. அதற்கு நீண்ட வரலாற்றுக் காரணம் உண்டு.

அக்காரணத்தின் முக்கியமான ஒரு கூற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கொட்டியாரக் குடாவிற் புகுந்து, வணிகத்தைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்ட முறையும், அதனால் உள்ளூர் வணிகரும் உழவரும் எய்திய நிலையும் ஈண்டு முதன்மையாக நோக்கப்படுகின்றன. ஏகபோகம் என்பது வணிகத் திறமையின் இயல்பான விளைவன்று. உடன்படிக்கை, சட்டம், ஆயுதம் ஆகியவற்றால் ஆக்கப்படுவது. அது முதலில் சிறு வணிகனை அகற்றுகின்றது. அடுத்து உற்பத்தியாளனின் பேரம் பேசும் ஆற்றலை அழிக்கின்றது. இறுதியிலே முறையிடும் உரிமையையே இல்லாதாக்குகின்றது. இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

சான்றுகள் பற்றி ஒரு வார்த்தை கூறுதல் அவசியம். இக்காலப் பகுதிக்குரிய ஆவணங்களிற் பெரும்பாலானவை கம்பனி அலுவலரால் எழுதப்பட்டவை. கவிராசவரோதயர் இயற்றியதெனக் கொள்ளப்படும் கோணேசர் கல்வெட்டு முதலிய உள்ளூர் நூல்கள் கோயிலின் உரிமைகளையும் தொழும்புகளையும் விரித்துரைப்பவை. தோணி வணிகன் அவற்றின் பாட்டுடைத் தலைவன் அல்லன். எனவே கம்பனியின் சொற்களிலிருந்தே, கம்பனி அடக்க முயன்ற மக்களின் வரலாற்றை மீட்டெடுக்க வேண்டியுள்ளது. சின்னப்பா அரசரத்தினம், கே. டபிள்யூ. குணவர்த்தன ஆகிய வரலாற்றாசிரியர்களின் ஆய்வுகள் இம்முயற்சிக்குத் துணைநிற்பன.

2. கம்பனிக்கு முற்பட்ட குடா

கொட்டியாரம் கண்டி இராச்சியத்திற்குக் கீழ்த்திசையில் அமைந்த கடல்வாயில்களுள் ஒன்றாகும். மலைநாட்டின் பாக்கும் மிளகும் ஏனைய விளைபொருள்களும் பொதிமாடுகளின் தவளங்களிலே இங்கு வந்தன. உப்பும் கருவாடும் துணியும் அதே மாடுகளில் மலைநாட்டுக்குத் திரும்பின. இப்போக்குவரவிலே முஸ்லிம்கள் முக்கிய பங்கு வகித்தனர். கண்டி அரசிலே பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென அமைந்த மடிகே பத்த என்னும் பிரிவில் அவர்கள் பெற்றிருந்த இடம் இதற்குச் சான்றாகும். கடற்புறத்திலே சோழமண்டலக் கரையின் பரங்கிப்பேட்டை, நாகூர், காயல்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து துணியும் அரிசியும் வந்தன. சிங்கள உழவர், முஸ்லிம் தவளக்காரர், தமிழ்ப் பரதவர், மரக்காயர், செட்டிகள் எனப் பல்வேறு மக்களைப் பிணைத்த ஒரு பரிவர்த்தனைச் சங்கிலி இது.

இதன் ஒரு கணத் தோற்றத்தை எதிர்பாராத ஓரிடத்திலே காண்கிறோம். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு அண்மையிலே புயலிற் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், அதனைச் செப்பனிடுவதோடு வணிகமும் செய்யுமாறு துணி ஏற்றிக் கொட்டியாரத்திற்கு அனுப்பப்பட்டது. 1660 ஏப்பிரலில் அக்கப்பலின் தலைவனும் அவனுடைய மகனான இளைஞன் றொபேட் நொக்சும் வேறு சிலரும் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூல் யாவரும் அறிந்ததே. அந்நூலிற் பலர் கவனியாது விடும் ஒரு செய்தி உண்டு. அக்கப்பலிலே பரங்கிப்பேட்டை வணிகர் சிலரும் கொட்டியாரத்திற்கு வந்தனர் என்பதே அது. ஆங்கிலக் கம்பனியின் கப்பலிலே இந்திய வணிகர் தம் சரக்குடன் பயணஞ் செய்து, ஈழத்தின் துறையொன்றில் விற்பனை செய்யக் கூடியதாக இருந்த காலம் அது. வாங்குவோரும் பலர், விற்போரும் பலர் என்னும் நிலை அன்று நிலவியது.

இந்நிலையைப் பொற்காலமெனப் போற்றுதல் தகாது. கண்டி மன்னரும் வன்னிபங்களும் தத்தம் பங்கை வரியாகவும் திறையாகவும் பெற்றனர். வணிகன் உழவனுக்கு முற்பணம் கொடுத்து விளைச்சலைக் குறைந்த விலைக்குப் பெறுதல் அக்காலத்துக்கும் புதிதன்று. நிலமானிய உறவுகளின் சுமை உழவன் தோளிலேயே இருந்தது. எனினும் ஒரு வணிகனின் விலை பொருந்தாவிடின் மற்றொருவனிடம் செல்லும் வாய்ப்பு அவ்வுழவனுக்கு இருந்தது. அவ்வாய்ப்பே அவனது ஒரே பாதுகாப்பு எனலாம். கம்பனி அழித்தது அதனையே.

3. கம்பனி என்னும் அமைப்பு

1602 மார்ச் 20இல் நிறுவப்பெற்ற ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி வெறும் வணிக நிறுவனம் அன்று. ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர் பங்கு முதலோடு தொடங்கிய அதற்கு, நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே ஒல்லாந்த வணிகம் முழுவதற்கும் ஏகபோகம் வழங்கப்பட்டது. அத்தோடு உடன்படிக்கை செய்யவும், கோட்டை கட்டவும், படை வைத்திருக்கவும், போர் புரியவும், நீதி வழங்கவும் அதிகாரம் அளிக்கப்பட்டது. வாங்குபவனே விலையைத் தீர்மானிப்பவன், விலையைத் தீர்மானிப்பவனே சட்டம் இயற்றுபவன், சட்டம் இயற்றுபவனே நீதிபதி, நீதிபதியே தண்டிப்பவன். வணிக மூலதனமும் அரசதிகாரமும் ஓருடலிற் கலந்தமையே இதன் தனிப்பண்பு.

இக்கம்பனி எவருக்குப் பொறுப்புடையதாக இருந்தது என்பது அடுத்த வினா. பதினேழு பணிப்பாளர்களைக் கொண்ட குழுவே அதனை நடத்தியது. பங்குதாரருக்குக்கூட முறையான கணக்குக் காட்டப்படவில்லை. 1622ஆம் ஆண்டளவில் ஒல்லாந்திலேயே பங்குதாரர் பலர் கணக்குக் கேட்டுத் துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டுக் கிளர்ந்தமை வரலாறு. முதலீடு செய்த ஆம்ஸ்டர்டாம் செல்வனுக்கே கணக்குக் காட்டாத அமைப்பு, கொட்டியாரத்துத் தோணிக்காரனுக்கு எங்ஙனம் விடை கூறியிருக்கும்?

ஈழத்தினுள் அது புகுந்த வழியும் நோக்கத்தக்கது. 1638 மே 23இல் மட்டக்களப்பிலே இரண்டாம் இராசசிங்கனும் வெஸ்டர்வோல்ட்டும் ஓர் உடன்படிக்கை செய்தனர். போர்த்துக்கேயரை அகற்றக் கம்பனி உதவும். அதற்காகும் செலவை அரசன் விளைபொருள்களாகத் திருப்பிச் செலுத்துவான். பிற ஐரோப்பியர் விலக்கப்பட்டு வணிகச் சலுகை கம்பனிக்கு உரியதாகும் என்பன அதன் சாரம். கைப்பற்றப்படும் கோட்டைகளிலே கம்பனி படை நிறுத்துவது பற்றிய மூன்றாம் வாசகத்தில், ‘அரசன் விரும்பின்’ என்னும் பொருள்பட்ட நிபந்தனை அரசனிடமிருந்த பிரதியிற் காணப்பட்டது. கம்பனியின் பிரதியில் அது காணப்படவில்லை. குணவர்த்தன விரிவாக ஆராய்ந்துள்ள இவ்வேறுபாடு, ஒரு நாட்டின் கரையோரத்தின் விதியை நிர்ணயித்தது எனின் மிகையன்று. போர்ச்செலவுக் கணக்கைக் கம்பனியே எழுதியது. அக்கடன் தீரும்வரை கோட்டைகள் ஈடாகக் கம்பனியிடமே இருந்தன. கடனோ ஒருபோதும் தீரவில்லை. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை எனச் சிங்கள மக்களின் பழமொழி இதனைச் சுருங்கக் கூறும்.

1639இல் கம்பனி திருகோணமலையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிற்று. சில ஆண்டுகளின் பின் அது அரசன் வசம் சென்றது. ஆயின் றைக்லோஃப் வான் கூன்ஸ் தேசாதிபதியாக இருந்த காலத்திலே கம்பனியின் கொள்கை மாறியது. 1665இல் திருகோணமலை மீண்டும் கைக்கொள்ளப்பட்டது. 1668இல் மட்டக்களப்பும் கொட்டியாரமும் அவ்வாறாயின. கண்டிக்குக் கிழக்கிலிருந்த கடல்வாயில்கள் யாவும் அடைபட்டன.

4. ஏகபோகத்தின் பொறிமுறை

1670ஐ அடுத்து வந்த ஆண்டுகளிற் கம்பனி தன் வணிகக் கொள்கையை முழுமைப்படுத்தியது. கறுவா, யானை, முத்து என்பவற்றோடு பாக்கு ஏற்றுமதியும் துணி இறக்குமதியும் அதன் கட்டுப்பாட்டின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. இக்கொள்கை செயற்பட்ட முறையை நான்கு கூறுகளாக வகுத்து நோக்கலாம்.

(அ) கடவுச்சீட்டு. கம்பனியின் அனுமதிச் சீட்டின்றி எத்தோணியும் கடலிற் செல்லலாகாது. சீட்டிலே குறிக்கப்பட்ட துறைக்கன்றி வேறு துறைக்குச் செல்லின் தோணியும் சரக்கும் பறிமுதலாகும். கடல் என்னும் பொதுவழி இவ்வாறு கம்பனியின் தனிச்சொத்தாக மாற்றப்பட்டது.

(ஆ) துறை மூடல். கம்பனியின் சுங்கமும் களஞ்சியமும் அமைந்த பெருந்துறைகளுக்கு வணிகம் திருப்பப்பட்டு, ஏனைய துறைகள் மூடப்பட்டன. கொட்டியாரம் போன்ற துறைகளின் இயற்கை அனுகூலம் இதனாற் பயனற்றதாயிற்று.

(இ) நிர்ணய விலை. உற்பத்தியாளனுக்குரிய விலையையும், தான் விற்கும் விலையையும் கம்பனியே வகுத்தது. பாக்கை மலிவாகப் பெற்றுத் துணியைக் கூடிய விலைக்கு விற்பதால், ஒரே உழவனிடமிருந்து இருமுறை ஆதாயம் பெறப்பட்டது.

(ஈ) ஊழியம். கம்பனியின் ஆட்சிப் பகுதிகளில் வாழ்ந்த சோனகரும் செட்டிகளும் அந்நியர் எனக் கொள்ளப்பட்டு, ஊழியம் என்னும் கட்டாய வேலைக்கு உட்படுத்தப்பட்டனர். பணம் செலுத்தியே அதனின்றும் விடுபடலாம். பல தலைமுறைகளாக இம்மண்ணில் வாழ்ந்தவனை அந்நியன் எனப் பெயரிட்டமை, வணிகப் போட்டியாளனை அகற்றுதற்குக் கையாளப்பட்ட அரசியல் உத்தியாகும். பொருளாதாரப் போட்டி இன, மத வேறுபாட்டின் மொழியிலே பேசப்படுதற்கு இது தொடக்ககால உதாரணங்களுள் ஒன்று.

இந்நான்கினுள் எதுவும் வணிகத் திறமையைச் சார்ந்ததன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. சிறு தோணிகளின் செலவு குறைவு. அவற்றின் உரிமையாளர் துறைகளையும் மக்களின் தேவைகளையும் நன்கறிந்தவர். சிறு தொகைச் சரக்கையும் ஏற்றவல்லவர். திறந்த சந்தையிலே கம்பனி அவர்களோடு போட்டியிட இயலாதிருந்தமையே சந்தையை மூடக் காரணமாயிற்று. ஏகபோகம் போட்டியின் முடிவிற் கிடைத்த பரிசன்று. போட்டிக்கு அஞ்சி எழுப்பப்பட்ட மதில்.

5. விளைவுகள்

இக்கொள்கையின் விளைவுகளை அரசரத்தினம் நன்கு எடுத்துக்காட்டியுள்ளார். தென்னிந்தியத் தோணிகளின் வரவு குறைந்தது. அதனோடு துணியும் அரிசியும் அருகின. தோணி வெறுமையாக வந்து செல்வதில்லை. பாக்குக்கு அனுமதி இல்லையெனின் அரிசியும் வாராது என்னும் எளிய உண்மையைக் கம்பனி காலந்தாழ்த்தியே உணர்ந்தது. இரண்டாம் விமலதர்மசூரியன் காலத்திலே, கண்டி அரசனின் வற்புறுத்தலால் வணிகக் கட்டுப்பாடு சில ஆண்டுகள் தளர்த்தப்பட்டபோது தனியார் வணிகம் விரைந்து தழைத்தது. அத்தழைப்பே கம்பனியை அச்சுறுத்தியது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைகள் மீண்டும் அடைக்கப்பட்டன. 1766இன் உடன்படிக்கையோடு கரை முழுவதும் கம்பனியின் உடைமையாயிற்று. கண்டி கடலற்ற நாடாயிற்று.

மொழியிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. முன்னர் வணிகம் எனப்பட்ட செயல் இப்போது கள்ளக்கடத்தல் எனப்பட்டது. அதே மனிதன், அதே தோணி, அதே பாக்கு. மாறியது சட்டம் மட்டுமே. கம்பனி ஆவணங்களிலே கள்ளக்கடத்தற்காரர் என இகழப்படுவோரை அப்பெயராலேயே வரலாற்றாசிரியனும் அழைப்பானாயின், அவன் கம்பனியின் எழுத்தராகவே மாறிவிடுகின்றான். சொற்களின் வர்க்கச் சார்பை இலக்கிய மாணவர் நன்கறிவர். வரலாற்று மாணவரும் அதனை அறிதல் வேண்டும். உண்மையான களவு எங்கு நிகழ்ந்தது என நோக்கின், குறைந்த சம்பளத்தில் ஏகபோகத்தைக் காக்க அமர்த்தப்பட்ட கம்பனி அலுவலர் தாமே இரகசியமாகத் தனிவணிகம் நடத்தியமையைக் காண்கிறோம்.

உழவுத் தொழிலும் தப்பவில்லை. வணிக மூலதனம் பரிவர்த்தனையிலே இலாபம் காண்பது. உற்பத்தியை வளர்க்கும் கடமை தனக்குண்டு என அது கருதுவதில்லை. 1786இல் திருகோணமலையின் கம்பனி அதிகாரியான வான் செண்டன் கொட்டியாரம், தம்பலகாமம் முதலிய பகுதிகளைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். குளங்களும் வயல்களும் பேணப்படாதிருந்த நிலையை அக்குறிப்பு காட்டுகின்றது. கம்பனி இக்கரைக்கு வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பின்னரே ஓர் அதிகாரி வயலைப் பார்க்கப் புறப்பட்டார். அதற்கிடையே கோட்டையின் கொத்தளங்களோ பன்முறை செப்பனிடப்பட்டன.

இவற்றினும் பாரதூரமான விளைவு அரசியல் சார்ந்தது. முன்னர் ஒரு வணிகனுக்கு அநீதி இழைக்கப்படின் வன்னிபத்திடம் முறையிடலாம். வன்னிபம் செவிசாய்க்காவிடின் அரசனிடம் செல்லலாம். அன்றேல் வேறு துறைக்குப் போகலாம். இவை சனநாயக உரிமைகள் அல்ல. நிலமானிய சமூகத்தின் வரையறுக்கப்பட்ட வழிகளே. கம்பனியின் கீழ் அவையும் அடைபட்டன. உள்ளூர்த் தலைவர்கள் கம்பனியின் முகவராயினர். தம் மக்களின் குறையை மேலே கொண்டுசெல்லும் நிலையிலிருந்து, மேலிருந்து வரும் கட்டளையைக் கீழே கொண்டுவரும் நிலைக்கு அவர்கள் மாறினர். திருகோணமலையிற் கேட்டால் கொழும்பு, கொழும்பிற் கேட்டால் பத்தாவியா, பத்தாவியாவிற் கேட்டால் ஆம்ஸ்டர்டாம். முறையீடு செல்லும் வழியெங்கும் எதிராளியே நீதிபதியாக அமர்ந்திருந்தான்.

இறுதியிற் கம்பனியும் நிலைக்கவில்லை. கடனில் அமிழ்ந்த அது 1796இல் அரசுடைமையாக்கப்பட்டது. அதன் சாசனம் 1799 இறுதியோடு முடிவுற்றது. மக்களை வறியவராக்கிய ஏகபோகம் தன்னையும் காத்துக்கொள்ள இயலாது போயிற்று.

6. இரண்டாவது கம்பனியும் மக்களின் விடையும்

1795 ஆகத்தில் திருகோணமலை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டுமுதல் 1798வரை கரையோரப் பகுதிகளைச் சென்னையிலிருந்து ஆண்டது மற்றொரு கம்பனியே. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி போரிற் செலவிட்ட பணத்தை விரைந்து மீட்கும் நோக்கோடு தென்னை மரத்துக்கும் வரி விதித்தது. வரி சேர்க்கச் சென்னையிலிருந்து தன் ஆட்களை அனுப்பியது. உள்ளூர்த் தலைவரைப் புறக்கணித்தது. 1797இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது; வரி கைவிடப்பட்டது; ஈராண்டுக்குள் கம்பனியின் தனியாட்சி முடிவுற்று, 1802இல் இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. குடியேற்ற ஆட்சி மக்களாட்சியன்று. ஆயினும் இலாபக் கணக்கையே அரசாங்கமாகக் கொண்ட ஆட்சியைத் தாங்க முடியாதென மக்கள் அளித்த விடை அக்கிளர்ச்சியாகும்.

இவ்வகை ஆட்சியைக் கண்டிப்பதில், முற்றிலும் முரண்பட்ட நிலைப்பாடுடைய இரு சிந்தனையாளர் ஒன்றுபடுதல் சுவையானது. தடையற்ற வணிகத்தின் தந்தை எனப்படும் அடம் சிமித் 1776இல் வெளியிட்ட நூலிலே, ஏகபோக வணிகக் கம்பனியின் ஆட்சியை ஆட்சிகளுட் கடையானதாகக் கருதினார். ஒரு நூற்றாண்டின் பின் மார்க்ஸ், ஒல்லாந்தரின் குடியேற்ற ஆட்சி வரலாற்றை மூலதனத்தின் முதன்மைத் திரட்சிக்கு உதாரணமாகக் காட்டினார். முன்னவர் இதனைச் சந்தையின் சிதைவு என்றார்; பின்னவர் சந்தையின் பிறப்பு வரலாறு என்றார். போட்டி தன்னுள்ளேயே குவிவை வளர்க்கும் என்பதைக் கண்டமையினாலேயே பின்னவர் விளக்கம் ஆழமுடையதாகின்றது.

7. புதிய வடிவங்கள்

கோட்டையும் பீரங்கியும் மறைந்த பின்னரும் இவ்வுறவு மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அதன் தெளிவான வடிவம் எண்ணெய் ஆகும். சுதந்திர இலங்கையிலே எரிபொருள் விநியோகம் ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ ஆகிய அந்நியக் கம்பனிகளின் கையிலிருந்தது. 1961இன் 28ஆம் இலக்கச் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, அக்கம்பனிகளின் உடைமைகளில் ஒரு பகுதி சுவீகரிக்கப்பட்டது. மக்களாற் தெரிவுசெய்யப்பட்ட பாராளுமன்றம் சட்டப்படி செய்த செயல் இது. விளைவு யாது? நட்டஈட்டுப் பிணக்கைக் காட்டி 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. ஹிக்கன்லூப்பர் திருத்தம் முதன்முதலிற் பிரயோகிக்கப்பட்ட நாடு இலங்கையே. 1965இல் ஆட்சி மாறி, நட்டஈடு உடன்பாடான பின்னரே உதவி மீண்டது. கம்பனியின் கணக்கு ஒரு நாட்டின் வாக்குச்சீட்டோடு மோதுமிடத்து, கம்பனியின் பின்னே வல்லரசு நிற்கும் என்பதனை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. சீனன்குடாவிலே சிங்கப்பூர் நிறுவனமான பிறிமாவின் கோதுமை ஆலை 1977இன் உடன்படிக்கைப்படி அமைந்து 1980இல் இயங்கத் தொடங்கியது. அரசு கோதுமையை வழங்க, ஆலை மாவைத் திருப்பியளித்துத் தவிட்டைக் கூலியாகக் கொள்ளும் ஏற்பாடு அது. இருபது ஆண்டுகளின் பின் அரசுக்கு உரித்தாக வேண்டிய அவ்வாலை, 2001இல் அந்நிறுவனத்துக்கே விற்கப்பட்டது. அதே துறைமுகத்தின் எண்ணெய்க் குதங்களைப் பற்றிய உடன்பாடு 2003இல் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்தோடு செய்யப்பட்டது; 2022 சனவரியில் 99 குதங்களுள் 14 அந்நிறுவனத்துக்கும் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் 61 இருவரும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் என வகுக்கப்பட்டன. இவ்வுடன்படிக்கைகள் நன்மை பயப்பனவா அல்லவா என்பது விவாதத்திற்குரியது. விவாதத்திற்கு இடமில்லாத ஒன்று உண்டு. இவை செய்யப்பட்டபோது குடாவைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களின் கருத்து கேட்கப்படவில்லை.

ஏகபோகம் எப்பொழுதும் கடல் கடந்தே வருவதுமன்று. தம்பலகாமத்திலும் கிண்ணியாவின் சுற்றுப்புறங்களிலும் விளையும் நெல்லுக்கு விலை கூறும் ஆற்றல், நாட்டின் நெற்சந்தையிற் பெரும்பகுதியைத் தம்வசம் வைத்திருக்கும் சில பேராலை உடைமையாளரிடம் குவிந்துள்ளது. 2021 செப்டெம்பர் இறுதியில் அரிசிக்கான உச்ச விலைக் கட்டுப்பாட்டை அரசு நீக்கியது. அதனை அடுத்து அரிசியின் விலையை நாட்டுக்கு அறிவித்தவர்கள் பேராலை உடைமையாளரே. விலை நிர்ணயம் என்னும் அரச அதிகாரம் கூட்டமொன்றில் வணிகர் கைக்கு மாறிய காட்சி அது. இதற்கான சட்டப் பின்னணியும் கவனத்திற்குரியது. 1987இன் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஏகபோகங்களையும் நிறுவன இணைப்புகளையும் விசாரிக்க இடமளித்திருந்தது. 2003இன் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதனை நீக்கி அமைந்தபோது, அவ்வதிகாரங்கள் புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. மதில் எழுப்பப்படுவதைத் தடுக்கும் கருவியைச் சட்டமே கைவிட்டது.

எனினும் வேறொரு திசையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றும் இக்குடாவின் கரையிலேயே உண்டு. 2006இன் போரிலே இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் காணியில் 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கென 2012இல் ஒதுக்கப்பட்டது. மக்கள் முகாம்களில் இருந்தவாறே போராடினர். 2015இல் அவ்வொதுக்கீடு இரத்துச் செய்யப்பட்டுக் காணி விடுவிக்கப்பட்டது. அங்கு அமையவிருந்த நிலக்கரி அனல்மின் நிலையமும், எதிர்ப்பும் வழக்கும் எழுந்த பின், 2016 செப்டெம்பரிற் கைவிடப்படுவதாக உயர் நீதிமன்றுக்கு அறிவிக்கப்பட்டது. ஒல்லாந்தர் காலத்துத் தோணிக்காரனுக்கு இல்லாதிருந்த ஒன்று சம்பூர் மக்களுக்கு இருந்தது. எதிராளியல்லாத ஒரு நீதிமன்றும், வாக்கும், பேசக்கூடிய வெளியும். அவை முழுமையானவையல்ல; ஆயினும் அவையின்றி அக்காணி மீண்டிராது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, ஏகபோகம் ஆக்கப்படுவது. ஆக்கப்பட்டது எதுவும் மாற்றப்படவும் கூடியதே. கடவுச்சீட்டும் துறை மூடலும் இயற்கை விதிகள் அல்ல. ஏகபோக விசாரணைக்குச் சட்டத்தில் இடமில்லாமையும் அவ்வாறே.

இரண்டாவது, சிறு வணிகனின் அழிவை அவனது சொந்தத் துயரமாக மட்டும் காணுதல் தவறு. அவனும் இலாபம் நாடுபவனே; உழவனைக் கடனில் பிணித்தவர் அவருள்ளும் உண்டு. அவனைப் புனிதனாக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் பலராக இருந்தமை உழவனுக்கும் மீனவனுக்கும் ஒரு தெரிவை அளித்தது. பலர் ஒருவராகும்போது அத்தெரிவு மறைகின்றது. தெரிவை இழந்த உற்பத்தியாளன் விலையை இழப்பதோடு நின்றுவிடுவதில்லை. மறுத்துப் பேசும் துணிவையும் இழக்கின்றான். உள்ளூர் வணிகத்தின் அழிவுக்கும் சனநாயகத்தின் நலிவுக்கும் இடையேயுள்ள தொடர்பு இதுவே.

மூன்றாவது, தனியார் ஏகபோகத்தை அரச ஏகபோகமாக மாற்றுதல் மட்டும் போதிய தீர்வன்று. 1961இன் நடவடிக்கை தேவையானதும் துணிச்சலானதுமாகும். ஆயினும் மக்களின் கண்காணிப்பு இல்லாத கூட்டுத்தாபனம், நாளடைவில் அமைச்சரின் சொத்தாகவும் பின்னர் விற்பனைப் பொருளாகவும் மாறக் கூடும். உழவர், மீனவர், தொழிலாளர், சிறு வணிகர் ஆகியோரின் கூட்டுறவுகளும், அவர்களுக்குப் பொறுப்புக் கூறும் உள்ளூராட்சி மன்றங்களும், துறைமுகம் பற்றிய முடிவுகளில் இடம் பெறுதல் வேண்டும். இது கோரிக்கை மட்டுமன்று. மேலே காட்டிய வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவுமாகும்.

1638இன் உடன்படிக்கைக்கு இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்றில் இருந்த வாசகம் மற்றொன்றில் இல்லை. அவற்றை ஒப்புநோக்கும் வாய்ப்பு அக்கரையின் மக்கள் எவருக்கும் இருக்கவில்லை. திருகோணமலைத் துறைமுகம் பற்றி இனிச் செய்யப்படும் ஒவ்வோர் உடன்படிக்கையும், கையெழுத்தாகுமுன் தமிழிலும் சிங்களத்திலும் முழுமையாக வெளியிடப்படல் வேண்டும். கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் அது வாசிக்கப்பட்டு விவாதிக்கப்படல் வேண்டும். மக்கள் வாசித்தறியாத உடன்படிக்கையின் விலையை மக்களே செலுத்தினர் என்பதற்கு இக்குடாவின் நானூறு ஆண்டு வரலாறு சான்றாகும்.